கரிசல் மணம் – 9: சந்தனத்துக்கு ரோமாபுரி தந்த அனுமதி

போன வாரம் மல்லிக்காட்டில் நின்றோம். ஐப்பசி மழைக்கு விதைத்த மல்லி மார்கழியில் பூவும் பிஞ்சுமாக நிற்கும். கோவில்பட்டிப் பக்கத்து ஊர்களுக்குக் கிறிஸ்துமஸ் வருவதும் அந்த வாசத்தோடுதான்.

கிறிஸ்துமஸ் மணம் என்றால் ஊசியிலை மரப் பிசினும் கிராம்பு குத்திய ஆரஞ்சுப் பழமும் என்று சினிமா நமக்குச் சொல்லிவைத்திருக்கிறது. விக்டோரியா ராணி குடும்பத்தோடு அந்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்தது 1848-இல். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு மரம் பரவியது அதற்குப் பிறகுதான். நம் காமநாயக்கன்பட்டி அதைவிட மூத்தது. 1711-இல் தமிழகம் வந்த வீரமாமுனிவர் தொடக்க காலத்தில் பணி செய்த ஊர் அது.

அந்தப் பழைய கிறிஸ்தவர்களின் திருநாள் எப்படி மணத்திருக்கும்? விடையில் ஒரு பாதி ரோமாபுரியில் இருக்கிறது. மதுரையில் 1606-இல் ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய சபைப் பணியில், ஞானஸ்நானம் பெற்றவர்கள் சந்தனம் பூசலாமா என்பது பெரிய வழக்காகிவிட்டது. எதிர்த்தவர்களும் பாதிரிமார்களே. வழக்கு போப்பாண்டவர் வரை போய், 1623-இல் பதினைந்தாம் கிரகோரியார் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நிபந்தனைகளோடு அனுமதித்தார். ஒரு வாசனைக்காகக் கடல் தாண்டி வழக்காடிய மண் இது.

சாம்பிராணியின் கதை வேறு. சுமத்ரா காட்டு மரத்தின் பால் உறைந்து, கப்பலேறி வந்த பிசின் அது. கத்தோலிக்கக் கோயிலில் தூபம் உண்டு. 1820-இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் நெல்லைச் சீமையில் பெருகிய சீர்திருத்தச் சபைக் கோயில்களில் அதற்கு இடமில்லை. ஆனால் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிய பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் ஆச்சியிடம் எந்தச் சபையும் கணக்குக் கேட்டதில்லை.

மிச்ச மணமெல்லாம் அடுப்படியில். பனை ஏறும் பருவம் ஆவணியோடு ஓய்ந்துவிடும். அதனால் மார்கழிப் பலகாரத்துக்கு வாய்ப்பது அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக் கிடந்த பழைய கருப்பட்டி. ஈரம் ஏறாதிருக்கத்தான் அங்கே வைப்பது. அந்தப் புகை வாசம் அதிரசத்திலும் இறங்கும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, பதம் வந்ததும் ஈர அரிசிமாவைக் கொட்டிக் கிளறுவார்கள். சுக்கும் ஏலமும் தட்டிப் போடுவார்கள். ரெண்டு மூணு நாள் மூடிவைத்த மாவு லேசாகப் புளித்தபின், கடலையெண்ணெய்ச் சட்டியில் விழும்போது எழும் மணம் தெருமுனை வரை போகும்.

கேக்கில் விழும் கிராம்புகூட நமக்கு முழு அந்நியமில்லை. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் கிராம்பும் சாதிக்காயும் பயிரிட்டுப் பார்த்தது. மேற்கே மலையில் விளைந்தும் அது நம் பலகாரச் சட்டிக்குள் நுழையவில்லை. பேக்கரிகள் வந்தபிறகே கேக்கோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்தது.

தீபாவளிக்குச் சுட்ட அதே அதிரசம், அதே எண்ணெய், அதே சாம்பிராணி. பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு போகும்போது மூக்குக்குப் பேதம் தெரியாது. கரிசலில் மணத்தைத் தீர்மானித்தது வேதத்தைவிட வெள்ளாமைதான்.

(தொடரும்)

அடுத்த வாரம்: தீக்குச்சி ஆலைகளின் மெழுகு வாசம்