உலகத்திலேயே மட்டமான படம் எது?

போன மாதம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தபோது பேச்சு எப்படியோ சினிமாவுக்கு வந்து, "இதுவரைக்கும் எடுத்ததிலேயே மகா மட்டமான படம் எது?" என்பதில் போய் நின்றது. ஒருவர் சமீபத்தில் வந்த பெரிய ஹீரோ படம் ஒன்றைச் சொன்னார். இன்னொருவர், யூடியூப் புண்ணியத்தில் ஊரெல்லாம் தெரிந்துபோன சாம் ஆண்டர்சனின் 'யாருக்கு யாரோ' (2007) தான் என்று அடித்துச் சொன்னார். நான், நாலு புத்தகம் படித்த திமிரில், 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்றேன்.

நாலாவது நண்பர் முன்பு எடிட்டிங் உதவியாளராக இருந்தவர். கடைசி வரை வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "நான் ரெண்டு வருஷம் வேலை பார்த்த படம் ஒண்ணு இருக்கு. மூணாவது நாளே தியேட்டர்ல இருந்து தூக்கிட்டாங்க. உங்க லிஸ்ட்ல அது வரவே இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் படத்தின் பெயரைச் சொன்னார். எங்களில் ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தப் பட்டத்தை யார் கொடுக்கிறார்கள், எதை வைத்துக் கொடுக்கிறார்கள் என்று தேடிப் படித்ததில் கிடைத்த குறிப்புகள் இவை.

பட்டம் வந்த கதை

முதலில் நான் சொன்ன படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எட் வுட் என்பவர் 1950களில் ஹாலிவுட்டின் ஓரத்தில், கையில் காசில்லாமல் படம் எடுத்துக்கொண்டிருந்த ஆள். 'டிராகுலா' (1931) புகழ் பேலா லுகோசியை வைத்துக் கொஞ்சம் காட்சிகளைப் படம்பிடித்திருந்தார். 1956 ஆகஸ்டில் லுகோசி இறந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அந்தச் சுருளை மூட்டைகட்டி வைத்திருப்பார்கள். எட் வுட் அந்தச் சில நிமிடக் காட்சிகளைச் சுற்றி ஒரு முழுப்படமே எடுத்தார். மீதிக் காட்சிகளுக்கு லுகோசி வேஷத்தில் வருபவர், வுட்டின் மனைவிக்கு முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்த வைத்தியர்! முகம் கொஞ்சமும் ஒத்துப்போகாததால் படம் முழுக்க மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டே நடப்பார். கல்லறைக் கற்கள் ஆடும். ஒரே காட்சியில் பகலும் இரவும் மாறி மாறி வரும்.

1959-ல் வெளியான இந்தப் படத்தை அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1978-ல் ஹாரி மெட்வெட் என்பவர் இன்னொருவருடன் சேர்ந்து, எக்காலத்துக்குமான 50 மோசமான படங்கள் என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் 'பிளான் 9' இல்லவே இல்லை. யார் இருந்தார்கள் தெரியுமா? வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய அலென் ரெனேயின் 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாத்' இருந்தது. ஐசன்ஸ்டைனின் 'ஐவன் தி டெரிபிள்' கூட இருந்தது. அதாவது, சினிமா பாடத்தில் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிற படங்கள்.

பிறகு வாசகர்களிடம் வாக்குக் கேட்டார்கள். 1980-ல் மெட்வெட் சகோதரர்கள் எழுதிய அடுத்த புத்தகத்தில் வாசகர்களின் தேர்வாக 'பிளான் 9' முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரே விளையாட்டுதான், ஆனால் இரண்டு புத்தகத்துக்கும் தராசு வேறு. முதல் புத்தகம் "பெரிய மேதை மாதிரி காட்டிக்கொண்டு என்னைத் தூங்க வைத்தாயே" என்று கோபப்பட்டது. வாசகர்களோ "எடுக்கவே தெரியாமல் எடுத்திருக்கிறாயே" என்று சிரித்தார்கள்.

ஒரு பட்டம், பல தராசு

இப்படித் தராசு மாறுவதைக் கவனித்த பிறகு மற்றப் படங்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது.

பணத் தராசுக்கு உதாரணம் 'ஹெவன்ஸ் கேட்' (1980). மைக்கேல் சிமினோ 'தி டீர் ஹன்டர்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய கையோடு எடுத்தது. சுமார் 1.1 கோடி டாலரில் முடிய வேண்டிய படம் 4.4 கோடியில் போய் நின்றது. அமெரிக்காவில் வசூல் 35 லட்சம் டாலர் அளவில்தான். நியூயார்க்கில் வெளியான ஒரு வாரத்துக்குள் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சாப்ளின் முதலானோர் 1919-ல் தொடங்கிய யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனமே 1981-ல் எம்ஜிஎம் கைக்குப் போய்விட்டது. பல வருஷம் மோசமான படங்களின் பட்டியல் எதை எடுத்தாலும் இந்தப் பெயர் இருக்கும். ஆனா 2012-ல் புதுப்பித்த பிரதியை வெனிஸ் விழாவில் திரையிட்டார்கள். சிமினோவும் அங்கே இருந்தார். இன்று அதை அரிய படைப்பு என்று சொல்கிற விமர்சகர்கள் நிறையவே உண்டு. படம் பெருமளவு அதே படம்தான். செலவுக் கணக்கு மறந்துபோனதும் திரையில் இருந்தது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

அடுத்தது கோபத் தராசு. 2014-ல் வந்த 'குண்டே' என்ற இந்திப் படம் ஐஎம்டிபி தளத்தில் பத்துக்கு 1.4 வரைக்கும் இறங்கியது. அவ்வளவு மோசமான படமா? கிடையாது, வழக்கமான மசாலாதான். பல விமர்சகர்கள் சுமாராகவே எழுதியிருந்தார்கள். சிக்கல், படத்தின் தொடக்கத்தில் வரும் பின்னணிக் குரலில். 1971 போரை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த சண்டையாகச் சொல்லி, அதன் விளைவாகத்தான் வங்கதேசம் பிறந்தது என்கிற மாதிரி கடந்துவிட்டார்கள். லட்சக்கணக்கில் உயிர்கொடுத்த சொந்த விடுதலைப் போரை அழித்துவிட்டதாக வங்கதேசத்தவர் கொதித்தார்கள். கும்பலாக வந்து ஒற்றை நட்சத்திரம் குத்தினார்கள். தயாரிப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அவர்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த 1.4 அளந்தது படத்தின் நடிப்பையோ திரைக்கதையையோ இல்லை. எண் என்று வந்துவிட்டாலே அது பாரபட்சம் இல்லாதது என்று நம்புகிற பழக்கம் நமக்கு இருக்கிறது, இல்லையா? அதற்காகத்தான் இந்த உதாரணம்.

மூன்றாவது தராசு, எட் வுட் மாட்டிய திறமைத் தராசு. இதில் இன்னொரு பெரிய பெயர் 'மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' (1966). டெக்சாஸில் எல் பாசோ ஊரைச் சேர்ந்த உர வியாபாரி ஹெரால்ட் வாரன், "படம் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை" என்று ஒரு திரைக்கதை எழுத்தாளரிடம் பந்தயம் கட்டி எடுத்தது. கையால் சாவி கொடுக்கிற கேமரா, ஒரு தடவைக்கு 32 வினாடிதான் ஓடும். குரல் பதிவு கிடையாது. பிறகு மூன்று நாலு பேர் மட்டும் உட்கார்ந்து எல்லோருக்கும் டப்பிங் பேசினார்கள். மொத்தச் செலவு சுமார் 19,000 டாலர்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'ஹெவன்ஸ் கேட்' செலவு இதைவிட இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு எது மோசம் என்று கேட்பது, கல்யாண விருந்து சொதப்பியதையும், ஒரு சின்னப் பையன் முதல் தடவை வைத்த ரசத்தையும் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கிற மாதிரி.

பட்டியலில் சேரத் தகுதி

இந்தப் பட்டியல்களில் ஒரு விஷயம் மட்டும் மாறுவதில்லை. வேண்டுமென்றே மட்டமாக எடுத்த படங்கள் இதில் நிலைப்பதில்லை. 'ஷார்க்நேடோ' மாதிரி தெரிந்தே கோமாளித்தனம் செய்கிற படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். எட் வுட்டும் ஹெரால்ட் வாரனும், 'தி ரூம்' (2003) எடுத்த டாமி வைசோவும் மனசார நம்பி எடுத்தவர்கள். எட்ட நினைத்த உயரத்துக்கும் விழுந்த இடத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நமக்குச் சிரிப்பு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பட்டம் வாங்க வேண்டுமென்றால் படத்தைக் கடைசி வரை யாராவது பார்த்திருக்க வேண்டும். பார்த்ததைப் போய் நாலு பேரிடம் சொல்லத் தோன்ற வேண்டும். 'பிளான் 9' மொத்தம் 79 நிமிடம். நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், ஒரு இடத்திலும் தூக்கம் வரவில்லை. நிஜமாகவே மட்டமான படம் என்பது இருபதாவது நிமிடத்தில் நாம் எழுந்து போய்விட்டு, மறுநாள் பெயரைக்கூட மறந்துவிடுகிற படம். அந்த மாதிரிப் படம் போட்டிக்கே வராது. ஆக, "உலகின் மோசமான படம்" என்று பட்டம் வாங்கிய எந்தப் படமும் உலகின் மோசமான படமாக இருக்கவே முடியாது.

சொல்லப்போனால் இந்தப் பட்டம் ஒரு விதத்தில் காப்பாற்றியும் விடுகிறது. 1993-ல் ஒரு கிண்டல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்ததால்தான் 'மானோஸ்' பிழைத்தது. 2011-ல் அதன் 16 எம்எம் பிரதி ஒரு ரசிகருக்குக் கிடைக்க, மக்களிடம் இணையத்தில் நிதி திரட்டி அதைச் சுத்தம் செய்து புதுப்பித்தார். இங்கே நம் நிலைமையைப் பாருங்கள். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931). அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அது நல்ல படமா மோசமான படமா என்று நாம் சண்டை போடக்கூட வழியில்லை.

ஆனால் படம் பிழைப்பது வேறு, எடுத்தவர் பிழைப்பது வேறு. எட் வுட் 1978 டிசம்பரில், வாடகை கட்ட முடியாமல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட சில நாளில், நண்பர் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 54. இரண்டு வருஷம் கழித்துத்தான் பட்டம் வந்தது. டிம் பர்ட்டன் அவர் வாழ்க்கையை 1994-ல் படமாக்கினார். அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. எட் வுட் எதையும் பார்க்கவில்லை.

இதெல்லாம் படித்த பிறகு மட்டமான படங்களைப் பார்த்துச் சிரிப்பதை நான் நிறுத்திவிடவில்லை. அடுத்த தடவை இந்தச் சண்டை வந்தால் "எந்தத் தராசுல?" என்று முதலில் கேட்பேன், அவ்வளவுதான்.

எடிட்டர் நண்பரிடம் அந்தப் படத்தின் சிடி இருக்கிறதா என்று கேட்டேன். அவரிடமே இல்லையாம். "தேடிப் பாக்குறேன்... கிடைச்சா எல்லாரும் சேர்ந்து திட்டலாம்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.