வாஷிங்டன் என்னும் பெயர்

வாஷிங்டன் என்றவுடன் அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவரும் அந்நாட்டுத் தலைநகரும் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின், அப்பெயர் முதற்கண் வட இங்கிலாந்திலுள்ள ஓர் ஊருக்கு உரியது. 1974ஆம் ஆண்டுவரை அவ்வூர் டேர்ஹம் கோட்டத்தைச் சார்ந்திருந்தது.

'வாஷ்' என்பதைக் கழுவுதலெனக் கொண்டு பொருளுரைக்க முற்படுவாரும் உளர், அது பொருந்தாது. ஹுவாசா என்னும் ஒருவனது பெயரும், அவனைச் சார்ந்தோரைச் சுட்டும் 'இங்' என்னும் விகுதியும், அடைத்த நிலத்தைக் குறிக்கும் 'டூன்' என்னும் பழஞ்சொல்லும் இணைந்து இவ்வூர்ப் பெயராயின என்பர் பெயராய்வாளர். அவனைப் பற்றி இப்பெயரன்றி வேறொன்றும் எஞ்சவில்லை.

ஊர்ப்பெயர் குடிப்பெயரானமைக்கு ஒரு நிலமாற்றமே காரணம். டேர்ஹம் மேற்றிராணியார் 1183இல் எழுதுவித்த போல்டன் ஏடு, வில்லியம் டி ஹேர்ட்பேர்ண் என்பார் ஹேர்ட்பேர்ண் ஊரைக் கொடுத்து, அதற்கீடாக வாஷிங்டனைப் பெற்றமையைக் குறிக்கின்றது. அக்காலத்து நிலவுடைமையாளர் பலர் தம் நிலத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டனர். நிலம் மாறவே பெயரும் மாறிற்று. அம்மாற்றம் நிகழாதிருப்பின், அமெரிக்கத் தலைநகர் 'கலைமான் ஓடை' எனப் பொருள்படும் ஹேர்ட்பேர்ண் என்னும் பெயரைப் பூண்டிருத்தலுங் கூடும்!

அவ்வழி வந்த லோறன்ஸ் வாஷிங்டன் 1539இல் நோர்தாம்டன் பகுதியிலுள்ள சல்கிறேவ் என்னும் நிலத்தை வாங்கினார். அக்குடியிற் பிறந்த ஜோன் என்பார் 1650களில் வேர்ஜீனியா சென்று குடியேறினார். 1732இற் பிறந்த ஜோர்ஜ் வாஷிங்டன் அவருடைய கொள்ளுப்பேரராவார்.