பாரீஸில் மீன் ஊறுகாய்க்கு எங்கே போவது?

நம் புதுச்சேரியில் பிரான்சில் சொந்தம் இல்லாத தெருவே இல்லை எனலாம். 1962 ஆகஸ்ட் 16-ல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அப்படி வைத்துக்கொண்டவர்களில் பலர் அங்கேயே போய்க் குடியேறினார்கள். இன்றும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நடக்கிறது.

புதிதாகப் போகும் பெண்ணுக்குக் குளிர்கூடப் பழகிவிடும், நாக்குதான் பழகாது. அதிலும் மசக்கை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "அம்மா, காரமா ஒரு மீன் ஊறுகாய் இருந்தா போதும், ரெண்டு வாய் சாப்பிட்டுடுவேன்" என்று போனில் அழுவாள். அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் லா ஷப்பேல்

பாரீஸில் லா ஷப்பேல் பக்கம் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கருவாடு, மாசி, புளி, கறிவேப்பிலை எல்லாம் அங்கே வாங்கலாம்.

அந்த ஊர் மீனும் நம்ம மத்திக்கு உறவுதான்

கடையில் 'அராங்' என்று ஒரு மீன் இருக்கும். இங்கிலீஷில் ஹெர்ரிங். நம்ம மத்திக்குச் சொந்தக்காரி, அதே எண்ணெய்ப் பசை. நவம்பரில் தியெப் துறைமுகத்தில் இதற்கென்றே விழா எடுக்கிறார்கள். ஸ்வீடன்காரர்கள் இதை உப்பில் ஊறவைத்து, பிறகு உப்பை அலசி, காடி ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு காய்ச்சி ஆறவைத்து, வெங்காயத்தோடு ஊறப்போடுவார்கள். உப்பு மீனின் தண்ணீரை இழுத்துவிடும், புளிப்பு கிருமியை வளரவிடாது. நம் ஊறுகாய்க்கும் இதே கணக்குத்தானே! ஆனால் அது தித்திக்கும், காரம் துளியும் இராது.

நம் ருசியில் செய்ய

முள் எடுத்த அராங் (கிடைக்காவிட்டால் கானாங்கெளுத்தி) அரை கிலோவைத் துண்டாக்கி, மஞ்சள்தூள், உப்பு தடவி அரை மணி வைக்கவும். ஈரம் போக ஒற்றி எடுத்து, நல்லெண்ணெயில் நன்றாக முறுக வறுக்கவும். அதே எண்ணெயில் கடுகு, இஞ்சி, பூண்டு 15 பல் வதக்கி, அடுப்பைக் குறைத்து மிளகாய்த்தூள் 3 மேஜைக்கரண்டி, வெந்தயப்பொடி அரைத் தேக்கரண்டி போட்டு, அரை டம்ளர் காடி விட்டுக் கொதிக்கவிடவும். மீனைப் போட்டு இறக்கி, ஆறியதும் கண்ணாடி ஜாடியில் ஃபிரிஜ்ஜில் வைக்கவும். பத்து நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

கர்ப்பிணிகள் கவனிக்க

கடையில் விற்கும், சமைக்காமல் காடியில் ஊறிய அராங்கும், புகை போட்ட மீனும் மசக்கைக்காரிக்கு ஆகாது. லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்ப்பெட்டியிலும் வளரும், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். வறுத்துச் செய்ததே நல்லது. மற்றவர்களும் பச்சை மீனை ஊறவைப்பதாக இருந்தால், முதலில் வீட்டு ஃப்ரீசரில் ஏழு நாள் உறையவைக்க வேண்டும். மீனில் உள்ள புழு காடிக்குச் சாகாது.

வெயில் குறைந்த அந்த ஊரில் வைட்டமின் டி பற்றாக்குறை நம் பெண்களுக்கு எளிதில் வரும். அராங்கில் அது நிறைய உண்டு. ஆனால் ஊறுகாயில் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் தொட்டுக்கொள்வதோடு நிறுத்த வேண்டும்.

பெட்டி கட்டும் அம்மாக்களுக்கு

ஐரோப்பிய விதிப்படி நெய், பால்கோவா கொண்டுபோகக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டும். மீன் ஊறுகாய், கருவாடு போன்றவை சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. ஜாடியை இறுக மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெரிய பெட்டியில் வையுங்கள்.

பெண் கிளம்பும் முன் ஒரு தரம் அவள் கையாலேயே செய்ய வையுங்கள். நீங்கள் கொடுத்தனுப்பும் ஜாடி ஒரு மாதத்தில் காலியாகிவிடும், கைப்பழக்கம் கடைசிவரை கூட வரும்.