தொட்டித் தண்ணி உரமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்!

உங்க வீட்டில் மீன் தொட்டி இருக்கா? அப்போ வாரக் கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை நிச்சயம் இருக்கும். டியூப் போட்டுப் பழைய தண்ணியை இறக்கணும், புதுத் தண்ணி ஊத்தணும். இறக்கின தண்ணி பெரும்பாலும் நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். "அதைச் செடிக்கு ஊத்துங்க, வேற உரமே வேண்டாம்" என்று சொல்லும் வீடியோக்களையும் பார்த்திருப்பீங்க. இது எவ்வளவு தூரம் உண்மை? நாமதான் இன்ஜினியரிங் படிக்கிறோமே, ஸ்கூல் கெமிஸ்ட்ரியை வைத்தே கண்டுபிடிச்சிடலாம்.

தொட்டிக்குள்ளே என்ன நடக்குது?

மீன் சாப்பிடும் தீனியில் புரதம் இருக்கு, புரதத்தில் நைட்ரஜன் இருக்கு. உடம்புக்குத் தேவையானது போக மிச்சத்தை மீன் அம்மோனியாவாக வெளியே விடுது. பெரும்பகுதி செவுள் வழியாகவே போயிடும். அம்மோனியா மீனுக்கு விஷம். நல்லவேளையா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் பாக்டீரியாக்கள் குடியிருக்கு. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாத்தும். அதுவும் விஷம்தான். அடுத்து நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாக மாத்தும். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு ஆபத்தில்லை, ஆனா வாரா வாரம் சேர்ந்துகொண்டே போகும். அதைக் குறைக்கத்தான் தண்ணி மாத்துறோம். செடி வேர் விரும்பி உறிஞ்சுவதும் இதே நைட்ரேட்டைத்தான். ஆக, ஐடியா சரிதான். கேள்வி அளவைப் பத்தினது.

கணக்குக்கு வருவோம்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியை எடுத்துக்கோங்க. கல், மேலே விடும் இடம் எல்லாம் போக சுமார் 50 லிட்டர் தண்ணி நிற்கும். வாரம் கால் பங்கு மாத்தினால் 12.5 லிட்டர். லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பதாக வைப்போம். அக்வேரியம் கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டில் உங்க தொட்டியின் அளவை நீங்களே பார்க்கலாம்.

12.5 × 40 = 500 மில்லிகிராம் நைட்ரேட். நைட்ரேட்டின் எடை 62, அதில் நைட்ரஜன் 14. அப்படின்னா கையில் கிடைப்பது சுமார் 113 மில்லிகிராம் நைட்ரஜன். யூரியாவில் 46% நைட்ரஜன். அதோட ஒப்பிட்டால் இது கால் கிராம் யூரியாவுக்குச் சமம். ஒரு சிட்டிகை கூட வராது!

இன்னொரு பக்கமிருந்து பாருங்க. 100 கிராம் கீரையில் சுமார் 3 கிராம் புரதம் இருக்கும். புரதத்தில் 16% நைட்ரஜன், அதாவது 480 மில்லிகிராம். நாலு வாரத் தொட்டித் தண்ணியில் கிடைப்பது 452 மில்லிகிராம். ஒரு துளி வீணாகாமல் போனாலும், அந்த நைட்ரேட்டால் மாசத்துக்குச் சுமார் 100 கிராம் கீரைதான். "வேற உரமே வேண்டாம்" என்பது இங்கேயே அடிபட்டுப் போகுது.

அப்போ வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. முதல் காரணம், தண்ணி. வாரம் 12.5 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 650 லிட்டர். 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த வீடுகளுக்கு இதன் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர், செடிக்கென்று தனியாகக் குழாயைத் திறப்பதை அந்த அளவு குறைக்கலாம்.

இரண்டாவது காரணம், அடியில் இருக்கும் கசடு. தினம் 1 கிராம் தீனி, அதில் 35% புரதம் என்றால் வாரத்துக்கு 392 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ளே போகுது. மேலே நாம் கணக்கில் பிடித்தது 113 மட்டும். மீதியில் ஒரு பங்கு மீனின் வளர்ச்சிக்குப் போகும், ஒரு பங்கு மீன் கழிவும் தின்னாத தீனியுமாக அடியில் படியும். அதனால் டியூபை மேல்மட்டத்தில் வைக்காமல் கல்லுக்கு நடுவே விட்டு உறிஞ்சுங்க. வாய் வைத்து இழுக்காதீங்க, டியூபில் தண்ணி நிரப்பிவிட்டுத் தொடங்குங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில் கழுவினால் குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்னுடும். இறக்கி வைத்த பக்கெட் தண்ணியிலேயே பிழிஞ்சு, அந்தக் கலங்கல் தண்ணியைச் செடிக்கு ஊத்துங்க. அது மண்ணில் மெதுவாக மக்கி உரமாகும்.

எதை வளர்க்கலாம்?

நைட்ரஜன் இலைக்குத்தான் அதிகம் உதவும். அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை, புதினா, கறிவேப்பிலை எல்லாம் நல்ல தேர்வு. தக்காளி, கத்தரி, மிளகாய் காய்க்கணும்னா பொட்டாசியமும் நிறைய வேணும். மீன் தீனியில் அது குறைவு. இரும்புச்சத்தும் அப்படியே. அதனால் மண்புழு உரமோ மக்கிய தொழு உரமோ மண்ணில் கட்டாயம் இருக்கட்டும். தொட்டித் தண்ணி அதுக்கு மேலே ஒரு கூடுதல் சத்து, அவ்வளவுதான்.

எப்போ ஊத்தவே கூடாது?

இதைக் கொஞ்சம் கவனமாகப் படிங்க, ஏன்னா விளைஞ்சதைச் சாப்பிடப் போறது நாம.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மருந்து விடுவோம். மாலகைட் கிரீன், ஃபார்மலின், தாமிரம் கலந்த மருந்துகள், ஆன்டிபயாடிக் இதில் எது விட்டிருந்தாலும் அந்தத் தண்ணி சாப்பிடும் செடிக்கு வேண்டாம். பாசி கொல்லும் மருந்துக்கும் இதே விதி. மருந்து முடிஞ்சு, சில தடவை தண்ணி மாத்தின பிறகு மறுபடி ஆரம்பிங்க.

கல் உப்பு போட்ட தண்ணியும், கடல் மீன் தொட்டித் தண்ணியும் கூடவே கூடாது. உப்பு மண்ணிலேயே தங்கிடும். உப்பான போர் தண்ணியில் தொட்டி ஓடினாலும் கவனம் தேவை. தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறும். மண் மேலே வெள்ளையாகப் படிந்தால் அதுதான் அறிகுறி. கொஞ்ச நாள் நிறுத்தி, மழைத் தண்ணியோ நல்ல தண்ணியோ ஊத்துங்க.

இலை மேலே தெளிக்காமல் வேரில் ஊத்துங்க. மீன் கழிவில் கிருமிகள் இருக்கலாம். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினாவை நல்லாக் கழுவுங்க. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கிளவுஸ் போடுங்க, முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.

இந்த ஞாயிறு தண்ணி மாத்தும்போது ஒரு சின்ன சோதனை செய்யலாமே? ஒரே மண், ஒரே விதை, இரண்டு தொட்டி வெந்தயக்கீரை. ஒன்றுக்குத் தொட்டித் தண்ணி, இன்னொன்றுக்கு அதே அளவு குழாய்த் தண்ணி. அறுவடை அன்னைக்கு இரண்டையும் எடை போடுங்க. வித்தியாசம் எத்தனை கிராம்னு எங்களுக்கு எழுதுங்க, அடுத்த இதழில் எல்லார் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம்.