உரியாத லேபிள் யார் குற்றம்?

வீட்டிலேயே பீர் காய்ச்சுவது மேலை நாடுகள் பலவற்றில் சட்டம் அனுமதித்த பொழுதுபோக்கு. பிரிட்டனில் 1963இல் அதற்கு உரிமம் தேவையில்லை என்றானது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அங்கே வழக்கமாக ஒரு தடவை காய்ச்சுவது சுமார் 19 லிட்டர். அதை 355 மில்லி பாட்டில்களில் அடைத்தால் ஐம்பதுக்கு மேல் வேண்டும். அத்தனையையும் புதிதாக வாங்குவானேன் என்று, கடையில் வாங்கிக் குடித்து முடித்த பழுப்பு நிற பாட்டில்களைச் சேர்த்து வைப்பார்கள். வெளிச்சம் பட்டால் பீர் கெட்டு நாறும், பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கும் என்பதும் ஒரு காரணம். சேர்த்ததை எல்லாம் ஒரு தொட்டி வெந்நீரில் போட்டால் வேடிக்கை தொடங்கும். ஒரு பாட்டிலின் லேபிள் அரை மணியில் தானாகக் கழன்று முழுசாக மிதக்கும். பக்கத்துப் பாட்டிலின் லேபிளோ நகத்தால் சுரண்டச் சுரண்டத் துணுக்குத் துணுக்காக வந்து, அடியில் பிசுபிசுப்பை விட்டுவிட்டுப் போகும். தண்ணீர் ஒன்றுதான், தேய்க்கிற கையும் ஒன்றுதான். இந்த வித்தியாசம் பாட்டில் நிரப்பிய ஆலையிலேயே முடிவாகிவிட்ட விஷயம். திரும்பி வரும் என்று எண்ணி ஒட்டிய லேபிள் கழன்று வரும். இனி யார் கழுவப் போகிறார்கள் என்று ஒட்டியது ஒட்டிக்கொண்டே நிற்கும்.

எளிதில் கழலும் காகித லேபிளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஈரப்பசை. பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்திலிருந்து செய்யும் பசை இதில் நெடுங்காலமாகப் பேர்போனது. கேசீனின் குணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அமிலத்தில் அது திரண்டு நிற்கும், காரத்தில் கரைந்து ஓடும். பாலில் எலுமிச்சையைப் பிழிந்தால் திரிவது இந்தப் புரதம்தான். ஆகவே கறை எதுவானாலும் வினிகரைத் தேடும் பழக்கம் இங்கே உதவாது. டப்பாவில் இருக்கும் ஆப்பச் சோடாவும் போதாது, அதன் காரம் மிகக் குறைவு. வேண்டியது சலவைச் சோடா. பத்து லிட்டர் வெந்நீருக்கு நூறு கிராம் போட்டுக் கலக்கி, பாட்டிலுக்குள்ளும் அதே நீரை நிரப்பி அமிழ்த்தி வைத்தால் போதும். ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்கும் தூளிலும் சலவைச் சோடாவே பெரும்பங்கு. அதோடு ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து குமிழி கிளப்பும். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் நெடுநேரம் ஊறினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். வினிகருக்கு வேலை அப்போதுதான், ஒரு அலசலில் படலம் போய்விடும். கழுத்தில் அலுமினியத் தாள் சுற்றிய பாட்டிலை மட்டும் முதலில் உரித்துவிட்டுப் போட வேண்டும். காரத்தில் அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், தொட்டி நீரும் கறுத்துவிடும்.

அடம்பிடிப்பவை பெரும்பாலும் ஸ்டிக்கர் வகை லேபிள்கள். ஸ்டான்டன் ஏவரி என்ற அமெரிக்கர் 1935இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிவைத்த தொழில் இது. இந்தப் பசை ஒருபோதும் காய்ந்து இறுகாது. என்றும் பிசுபிசுப்பாகவே இருந்து, அழுத்திய இடத்தில் பற்றிக்கொள்ளும். அக்ரிலிக் அல்லது ரப்பர் சார்ந்த இதைத் தண்ணீர் கரைக்காது. மேலே இருப்பது பிளாஸ்டிக் படலமானால் தண்ணீர் உள்ளே போகவே வழியில்லை. நாள் கணக்கில் ஊற வைப்பது வீண். இதற்கு மருந்து சூடும் எண்ணெயும். பாட்டிலுக்குள் வெந்நீர் ஊற்றிச் சில நிமிடம் விட்டால் கண்ணாடி வழியாகச் சூடு பசைக்கு ஏறி அது இளகும். அப்போது ஒரு மூலையைக் கிளப்பி, அவசரப்படாமல் மெதுவாக இழுத்தால் லேபிளோடு பசையும் சேர்ந்து வரும். வெடுக்கென்று இழுத்தால் லேபிள் கையோடு வரும், பசை பாட்டிலோடு நிற்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலில் கொதிநீரை ஊற்றக் கூடாது, விரிசல் விடும். மிஞ்சிய பிசுபிசுப்பில் சமையல் எண்ணெயும் ஆப்பச் சோடாவும் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்தால் போய்விடும். எண்ணெய் மட்டும் பாட்டிலுக்குள் போகக் கூடாது. சொட்டு எண்ணெய் இருந்தாலும் பீரின் நுரை நிற்காது. பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்துக்கு முன்னால் லேபிள் ஒரு பொருட்டல்ல.

ஈரப்பசையை ஒருவர் ஏன் தேர்ந்தெடுக்கிறார், ஸ்டிக்கரை இன்னொருவர் ஏன் தேர்ந்தெடுக்கிறார்? ஜெர்மனியைப் பார்த்தால் விளங்கும். அங்கே மறுபடி நிரப்பும் சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம். காலி பாட்டிலைக் கடையில் கொடுத்தால் காசு திரும்பும், பாட்டில் ஆலைக்குத் திரும்பும். அங்கே சூடான காஸ்டிக் சோடா நீரில் முங்கி எழும்போது பசை கரைந்து, லேபிள் முழுத் தாளாகக் கழன்று சல்லடையில் சேரும். ஒரு கண்ணாடி பாட்டில் இப்படி ஐம்பது தடவை வரை சுற்றி வரலாம். பழைய ஜெர்மன் பாட்டிலைக் கையில் எடுத்தால் தோளிலும் அடிப்பக்கத்திலும் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் தெரியும், ஆலையின் பட்டையில் பக்கத்துப் பாட்டிலோடு உரசி உரசி வந்த தழும்பு அது. தன் பாட்டிலைத் தானே கழுவ வேண்டிய முதலாளி அடம்பிடிக்கும் பசையை வாங்க மாட்டார். ஒரு தடவையோடு பாட்டிலைத் தலைமுழுகும் முதலாளிக்கு அந்தக் கவலை இல்லை.

லேபிள் உறுதியாக ஒட்டியிருக்க வேண்டாமா, ஐஸ் வாளியில் வைத்தால் உரிந்து தொங்கினால் யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு எப்போதோ விடை கண்டாயிற்று. துத்தநாக உப்புச் சேர்த்த கேசீன் பசை ஐஸ் தண்ணீரில் அசையாது, சூடான காரத்தில் கழன்றுவிடும். இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. பல வகை பீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் சிறிய ஆலைக்கு ஸ்டிக்கர் சுருளை மாற்றுவது சுலபம். ஈரப்பசை இயந்திரமோ செலவு, கழுவல், பராமரிப்பு என்று இழுக்கும். இதை மறுப்பதற்கில்லை. அவர்களுக்காகவே, சூடான காரநீர் பட்டதும் சுருண்டு தானே உரிந்துவிடும் ஸ்டிக்கர்களும் சந்தைக்கு வந்துவிட்டன. ஆக, வசதியா கழலும் குணமா என்று ஒன்றைக் கைவிட வேண்டிய கட்டாயம் இன்று இல்லை.

பாட்டிலை உருக்கி மறுசுழற்சி செய்துவிட்டால் போயிற்று என்பவர்கள் கண்ணாடி உலையின் சூடு சுமார் 1500 டிகிரி என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கழுவ எண்பது டிகிரி போதும். லேபிளோடே பீரை நிரப்பினால் என்ன என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. பீரின் ருசிக்கு முக்கியம் பாட்டிலின் உட்புறம்தான். ஆனால் கிருமிநீக்கும் தொட்டியில் காகிதம் ஊறிக் கூழானால் அந்தக் கூழ் உள்ளேயும் போகும். கத்தி, இரும்பு நார் கொண்டு சுரண்டுவதில்தான் உண்மையான ஆபத்து. வீட்டு பீர் மூடிய பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்டால் வாயு ஏறி நிற்பது. அறை வெப்பத்தில் அதன் அழுத்தம் கார் டயரில் அடிக்கும் காற்றுக்குக் கிட்டத்தட்ட சமம். கண்ணாடியில் விழுந்த ஆழமான கீறல் அந்த அழுத்தத்துக்கு வழிவிடும்.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்ச முடியாது. நம் வீடுகளில் கழுவி எடுத்த பாட்டிலுக்குத் தேனும் நல்லெண்ணெயும் நன்னாரி சர்பத்தும் போதும். ஆனால் பசை விவகாரம் நம்மையும் தொடாமல் இல்லை. காட்டில் எறியப்பட்டு உடையும் பாட்டில்கள் யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிப்பதைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு அது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் போனது. பாட்டிலை வரவழைக்கப் பத்து ரூபாய் போதும். வந்த பாட்டில் கழுவி நிரப்பும் இடத்துக்குப் போகுமா, உலைக்குப் போகுமா என்பதில் பசைக்கும் பங்கு உண்டு. சரக்கு நிரப்பும் ஆலைகளுடன் போடும் ஒப்பந்தத்தில், சூடான காரநீரில் கழலும் லேபிளையே ஒட்ட வேண்டும் என்று அரசு ஒரு வரி சேர்க்கட்டும். இந்தத் திட்டத்துக்கு அடையாளமாகக் கடையில் பாட்டில் மேல் ஒட்டும் பத்து ரூபாய் ஸ்டிக்கருக்கும் அந்த விதி பொருந்த வேண்டும்.