பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் கனக்கிறதா? அலைன்மென்ட் கடைக்கு முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரு: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டியரிங் கனக்கத் தொடங்கினால், உரிமையாளர்கள் பலரும் முதலில் நாடுவது வீல் அலைன்மென்ட் கடையைத்தான். இணைப்புகள் தேய்ந்திருக்கும்போது செய்யப்படும் அலைன்மென்ட், பெங்களூருவின் குண்டும் குழியுமான சாலைகளில் அதிக நாள் நிலைப்பதில்லை. பணம் வீணாவது ஒருபுறம் இருக்க, சில கார்களில் அந்தக் கனம், முன்சக்கரம் முறிந்து சாயப்போவதற்கான முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும்.

1962ஆம் ஆண்டு பிரிட்டனில் அறிமுகமான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் அத்தகைய கார்களில் ஒன்று. அதன் முன்சக்கர அமைப்பு, அதற்கு மூத்த காரான ட்ரையம்ப் ஹெரால்டில் இருந்து பெறப்பட்டது. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் தயாரானது. ஆகவே, பின்வரும் சோதனைகள் இரண்டு கார்களுக்கும் பொருந்தும்.

தொடங்க வேண்டிய இடம் டயர். ஸ்பிட்ஃபயரின் முன்டயர்களில் பின்டயர்களைவிடக் குறைவான காற்றே இருக்க வேண்டும் என்கிறது அதன் கையேடு. நான்கிலும் ஒரே அளவு காற்றை நிரப்பிவிட்டால், வண்டியின் போக்கே மாறிவிடும். ஒரு பக்கமாக இழுத்தால், முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். இழுப்பும் திசை மாறினால் குறை டயரில் உள்ளது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு பிரேக்கைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து ஆட்டம். சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், உதவியாளர் ஒருவர் பிரேக்கை அழுத்தட்டும். அப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங்கில் தேய்மானம். நிற்காவிட்டால் மேலுள்ள பால் ஜாயின்ட்டையோ கீழுள்ள ட்ரன்னியனையோ சந்தேகிக்கலாம். இடமும் வலமும் அசைக்கும்போது ஆடினால், டை ராட் எண்டில் தொடங்கி ரேக் வரை ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் கார்களின் முன்பகுதி முழுவதும் பானெட்டாகத் தூக்கப்படுவதால், அடியில் படுக்காமலேயே இவற்றைப் பார்க்க முடியும். இன்றைய கார்களில் இல்லாத வசதி இது. ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ரேக்கே பக்கவாட்டில் நகர்ந்தால், அதைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் எஞ்சின் ஆயிலில் ஊறித் தளர்ந்திருக்கலாம்.

கனத்துக்கான சோதனை வேறு. முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கிய பின்னும் ஸ்டியரிங் கனமாகவே இருந்தால், டை ராட் எண்டுகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் தனியே கையால் திருப்ப வேண்டும். சக்கரங்கள் எளிதாகத் திரும்பினால் குறை ரேக்கிலோ ஸ்டியரிங் தண்டிலோ உள்ளது. சக்கரம் இறுகி நின்றால் ட்ரன்னியனைக் கவனிக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் திருகு மரை வெட்டப்பட்டிருக்கும். அது, செம்புக் கலப்பு உலோகத்தால் ஆன ட்ரன்னியனுக்குள் திருகி அமர்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுழல்வது இந்த மரைதான். இதற்குத் தயாரிப்பாளர் பரிந்துரைத்தது கிரீஸ் அல்ல, 90 தரக் கியர் ஆயில். ஆனால் ஆயில் செலுத்தும் முனை கிரீஸ் நிப்பிள் போலவே இருப்பதால், பல பட்டறைகளில் பழக்கத்தால் கிரீஸையே அடைத்துவிடுகின்றனர். கெட்டியான கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் முழுமையாகப் போய்ச் சேராது. அங்கே மழைநீர் புகுந்து துருப்பிடிக்கிறது, மரை இறுகுகிறது, ஒவ்வொரு திருப்பமும் தண்டை முறுக்குகிறது.

முறிவு பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, வண்டியை மெதுவாக நகர்த்தும்போது நேர்கிறது. அப்போது சக்கரம் உள்நோக்கி மடங்கிப் பானெட் சேதமடைவதோடு போகும். ஆனால் அது நந்தி மலை போன்ற இறக்கத்தின் வளைவில் நேராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பராமரிப்பு விவரம் தெரியாத காரை வாங்குவோர், தண்டைக் கழற்றி மரையைக் கண்ணால் பார்த்துவிடுவதே நல்லது. துரு அரித்திருந்தால் தண்டையும் ட்ரன்னியனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். லேத் பட்டறையில் வெல்டிங் வைத்துச் சமாளிக்கும் கைவேலை மற்ற பல பாகங்களுக்குக் கைகொடுக்கலாம். இந்தப் பாகத்துக்கு மட்டும் அது வேண்டாம்.