காசு வாங்கித் தரும் தவணை

இலங்கையின் மலையகத்தில் சம்பள உயர்வுப் பேச்சு எழும்பும்போதெல்லாம் ஒரு வாசகம் தவறாமல் காதில் விழும்: "கூட்டிக் குடுத்தா குடிச்சே தீர்த்திருவாங்க." துரைமார் பங்களாவிலும் இதைச் சொல்வார்கள், ஹட்டன் கடைவீதியிலும் சொல்வார்கள், பொல்பிட்டியவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களும் சொல்வார்கள். சில வேளை தோட்டத்து ஆட்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் உண்டு. குடியால் ஒரு குடும்பம் அழியும்போது இன்னொரு வாசகம் கேட்கும்: "கையில காசு இருந்தா கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிட்டக் காட்டியிருக்கலாம்." முதலாவது, காசு வந்தால் குடி கூடும் என்கிறது. இரண்டாவது, காசு வந்தால் குடி நிற்கும் என்கிறது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறோம். செல்வத்திலும் புகழிலும் மிதந்தவர்கள் குடியில் விழுந்த கதைகளையும், அதிலிருந்து எழுந்தவர்களின் கதைகளையும் எடுத்துப் பார்த்தால் இரண்டுமே பிழை என்பது தெரியும். காசு குடிநோயை உண்டாக்குவதில்லை, தீர்ப்பதுமில்லை. குடியின் விளைவு வீட்டு வாசலுக்கு வந்து சேரும் நாளைத்தான் அது தள்ளிப்போடுகிறது. பல பேருக்கு அந்தத் தவணையே எமனாகியிருக்கிறது.

இந்த மலையில் குடிக்கு எப்போதுமே இரண்டு முகங்கள் இருந்திருக்கின்றன. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் கூடிக் குடிப்பதற்கு நுவரெலியாவில் 1876-இலேயே ஹில் கிளப் இருந்தது. 1881-இல் அதே ஊரில் சிலோன் புரூவரி பியர் காய்ச்சத் தொடங்கியது. கூலிக்காரர் குடித்தது தவறணையில். அந்தச் சாராயத் தவறணைகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் சேர்த்த பணமே இலங்கையின் முதலாளி வர்க்கம் உருவாகப் பெரிய மூலதனமாக இருந்தது என்று வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்தன 2000-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஒரே சாராயம் சிலருக்கு மாளிகையையும் வேறு சிலருக்குக் 'குடிகாரன்' என்ற பட்டத்தையும் கொடுத்தது. கிளப்பில் குடித்து விழுந்த துரையை வேலைக்காரர் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் அது வீட்டுக்குள் முடிந்த விடயம். தொழிலாளி மறுநாள் காலை பெரட்டுக்களத்துக்கு வராவிட்டால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போச்சு, தோட்டம் முழுக்கத் தெரிந்தும் போச்சு. நோய் ஒன்றுதான். ஒருவருக்கு அதை மறைக்க இடமிருந்தது, மற்றவருக்கு இல்லை.

அப்படி மறைக்க இடமிருப்பது பாக்கியமா என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பதில் இருக்கிறது. இந்தியாவின் நிதி அமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பெயர் தாங்கிய டி.டி.கே. நிறுவனக் குடும்பம் சென்னையின் பெரிய தொழிற்குடும்பங்களில் ஒன்று. அதன் வாரிசுகளில் ஒருவரான டி.டி.ரங்கநாதன் குடிநோயால் 1979-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். மருத்துவருக்கோ மருந்துக்கோ பணத்தட்டுப்பாடு இருந்த குடும்பமல்ல அது. ஆனால் குடியை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்து வைத்தியம் செய்யும் இடங்கள் அன்று அரிது. அடுத்த ஆண்டே, 1980-இல், அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் கணவரின் பெயரில் ஒரு சிகிச்சை, ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் சொல்லும் அந்த இடத்தின் வழியாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மீண்டிருக்கின்றன. 1992-இல் சாந்தி ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்த வரலாற்றில் பணத்தின் பங்கைக் கூர்ந்து பார்க்கவேண்டும். நோயாளியைக் காப்பாற்ற அது உதவவில்லை. அவர் போனபின், நோயைப் பேர் சொல்லி அழைக்க ஒருவர் துணிந்தபோதுதான் அதே பணமும் பெயரும் ஊருக்குப் பயன்பட்டன.

புகழ் இந்தத் தவணையை இன்னும் நீட்டுகிறது. 'நடிகையர் திலகம்' சாவித்திரி தமிழிலும் தெலுங்கிலும் உச்சத்தில் இருந்தவர். குடிப்பழக்கத்தால் உடல் கெட்டு, சொத்தும் கரைந்து, சுமார் 19 மாதங்கள் நினைவிழந்து கிடந்து 1981 டிசம்பர் 26-இல் இறந்தார். சிறுவயதில் கொழும்பில் வளர்ந்து, பின்னர் தமிழ்ப்படங்களில் ஆடிப்பாடிச் சிரிக்கவைத்த ஜே.பி.சந்திரபாபு, 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தொடங்கி முடிக்க முடியாமல் பணத்தை இழந்தார், குடியில் ஆழ்ந்தார், 1974 மார்ச்சில் வறுமையில் போய்ச் சேர்ந்தார். புகழ் பெற்றவரைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும். ஆனால் அந்த ஆட்களில் பலருக்கு அவர்தான் படியளப்பவர். படப்பிடிப்புக்குப் பிந்தி வந்தால் காத்திருப்பார்கள், தள்ளாடினால் தாங்கிக்கொள்வார்கள், கேட்டால் ஊற்றியும் கொடுப்பார்கள். "இது நோய், நிறுத்து" என்று முகத்துக்கு நேரே சொன்னால் பிழைப்புப் போய்விடும். வெளியே ரசிகர் கூட்டத்துக்கும் கலைஞன் குடிப்பது ஒரு அழகு. குடித்தால்தான் பாட்டு வரும், நடிப்பு வரும் என்று நாமே கதை கட்டி, அந்தப் போத்தலுக்கு நாமே நியாயம் சொல்லிக்கொடுக்கிறோம்.

உலகத்தின் மிகச் சிறந்த வைத்தியம் கிடைத்தாலும் குடிநோயின் போக்கு தானாக மாறுவதில்லை. பிரித்தானியக் கால்பந்து வீரர் ஜோர்ஜ் பெஸ்டுக்கு 2002-இல் இலண்டனில் ஈரல் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. புது ஈரலோடு வெளியே வந்தவர் மறுபடி குடித்தார். 2005 நவம்பரில், 59 வயதில், இறந்தார். கெட்ட ஈரலை மாற்ற வழி இருந்தது, அடிமைப்பட்ட மூளையை மாற்ற வழி இருக்கவில்லை. இதற்கு நேரெதிர் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவியாக இருந்த பெட்டி ஃபோர்ட். 1978 ஏப்ரலில் அவருடைய கணவரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து, குடியும் மாத்திரையும் அவரை எப்படிச் சிதைக்கின்றன என்று ஒவ்வொருவராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அவருக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, ஆனால் கடற்படை வைத்தியசாலையொன்றில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். பிறகு அதை ஊரறியச் சொல்லி, 1982-இல் தம் பெயரில் ஒரு சிகிச்சை நிலையத்தையும் திறந்தார். அவரைத் திருப்பியது அவருடைய அந்தஸ்து அல்ல. அந்த அந்தஸ்தைத் தள்ளிவைத்துவிட்டு உண்மையைச் சொன்ன வீட்டு ஆட்கள்.

இனி தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயத்துப் பக்கம் வருவோம். இங்கே தவணையே கிடையாது. 2024-இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் இரண்டு நாள் வேலை செய்தாலும் ஒரு போத்தல் சாராயத்துக்குக் கட்டவில்லை. அதனால் சம்பளத்தன்று சாராயம் என்றால் மற்ற நாட்களில் கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பு. குடித்தவன் சத்தம் போட்டால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மறைக்க எதுவுமில்லை, அடுத்த காம்பராவுக்கும் கேட்கும், அதற்கடுத்ததற்கும் கேட்கும். உடலுக்கும் சலுகை கிடையாது. ஸ்கொட்லாந்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, ஒரே அளவு குடித்தாலும் வசதி குறைந்தவர்களையே பாதிப்பு கூடுதலாகத் தாக்குகிறது என்று கண்டது. புகைத்தலும் உடற்பருமனும் மட்டும் அதற்குக் காரணமல்ல என்பதையும் காட்டியது. காலை உணவில்லாமல் மலையேறுகிற, பிரஷர் மருந்து தவறிப்போகிற, காய்ச்சலோடும் கொழுந்துக்குப் போகிற வாழ்க்கையின் மேல் சாராயம் விழுந்தால் அடி பலமாகத்தான் விழும். நிறுத்த நினைப்பவனுக்கும் ஆபத்து காத்திருக்கிறது. பல ஆண்டு நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, புத்தி தடுமாறி, உயிரே போகலாம். "குடியை விட்டா ஆளே போயிருவான்" என்று லயத்தில் சொல்வது வெறும் சாக்கு அல்ல. அந்த முதல் வாரத்துக்கு வைத்தியர் கண்காணிப்பும், தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் மருந்தும், தயமின் என்ற விற்றமினும் வேண்டும். செல்வந்தருக்கு இது தனியார் வைத்தியசாலையில் ஓர் அறை. தோட்டத்து ஆளுக்கு அது பெரும்பாலும் இன்னொரு கிளாஸ் கசிப்பு.

அப்படியென்றால் காசு இருப்பவனுக்குத்தானே வழி சுலபம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் 16 மாநிலங்களில், குடியாலும் போதையாலும் பாதிக்கப்பட்ட 904 வைத்தியர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2008-இல் வந்தது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் அந்த ஐந்தாண்டிலும் ஒரு பரிசோதனையிலும் பிடிபடவில்லை. குடிநோய்ச் சிகிச்சையில் இவ்வளவு நல்ல பலன் மிக அபூர்வம். ஆனால் இந்தப் பலனை அவர்களுக்குக் கொடுத்தது வங்கிக்கணக்கு அல்ல. ரங்கநாதன் குடும்பத்திடமும் பணம் இருந்தது, பெஸ்டுக்கும் சிறந்த வைத்தியம் கிடைத்தது. வைத்தியர்களுக்கு இருந்தவை வேறு: எந்த நாளில் சிறுநீர் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது, பிடிபட்டால் தொழில் உரிமம் போகும், விழுந்தால் உடனே மறுபடி சிகிச்சை, இது ஆறு வாரத்தில் முடியாது, ஐந்து வருடம் நடக்கும். குடித்தால் இழப்பு இன்றைக்கே வரும், குடிக்காவிட்டால் பலனும் கையில் நிற்கும். செல்வம் எந்தத் தவணையைக் கொடுத்து ஆளைக் கெடுத்ததோ அந்தத் தவணையை இந்த ஏற்பாடு பிடுங்கிவிட்டது. அதனால்தான் வென்றது.

புகழின் தொல்லையையும் குடிநோயாளிகளே அனுபவத்தில் தீர்த்துக்கொண்டார்கள். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தில் முழுப்பெயரோ பட்டமோ பேசுவதில்லை. பத்திரிகையிலும் மேடையிலும் உறுப்பினர் தம் பெயரை வெளிப்படுத்துவதில்லை என்பது அவர்களின் மரபு. வெட்கத்தை மறைப்பது அதன் ஒரு காரணம்தான். பேர்பெற்ற ஒருவர் "நான் திருந்திவிட்டேன்" என்று ஊரறியச் சொல்லி, பின்பு வழுக்கினால், அவரைப் பார்த்து நம்பிக்கை வைத்த நூறு பேரும் வழுக்குவார்கள் என்ற அனுபவம் மற்றக் காரணம். அவர்களின் கூட்டத்துக் கதிரையில் உட்காரும்போது முதலாளியும் கூலிக்காரரும் ஒரே ஆள்தான். இங்கே ஒரு கசப்பான நன்மை மலையகத்துக்கு இருக்கிறது. லயத்தில் உண்மையை மறைக்க முடியாது. செல்வந்தர் வீட்டில் காசு கொடுத்தாலும் கிடைக்காத, "நீ நோயாளி" என்று சொல்லக்கூடிய ஆட்கள், நம் ஊரில் அடுத்த காம்பராவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இப்போது அதை வசவாகச் சொல்கிறார்கள். அதை அக்கறையாகச் சொல்லப் பழக்குவதுதான் வேலை.

இது வெறும் ஆசை அல்ல என்பதை அதே டி.டி.கே. மருத்துவமனை தஞ்சைப் பகுதியில் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் நடத்திக் காட்டியது. 1989 முதல் அங்கே குடிநோயாளிகளுக்குப் பதினைந்து நாள் முகாம் நடத்தினார்கள். சென்னைக்கு வா என்று கூப்பிடவில்லை, சிகிச்சையை ஊருக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியமும் ஆலோசனையும் அங்கேயே, குடும்பமும் கூடவே, முகாம் முடிந்தபின் ஊரார் ஆதரவும் பின்தொடரும் சந்திப்பும். ஒரு பணக்காரக் குடும்பத்தின் இழப்பிலிருந்து பிறந்த வைத்தியம் வயல்வேலை செய்பவரின் வாசலுக்குப் போனது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் தோட்டங்களுக்கு இது பொருந்தாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. தோட்டத்துக் கலாசார மண்டபம் இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது, தொழிற்சங்கம் இருக்கிறது. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டி 2017-இல் திறந்த 150 கட்டில் வைத்தியசாலையும் இருக்கிறது.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லவேண்டும். ஒன்று, சாராயக் கடைகளைச் சட்டம் போட்டு மூடினால் போதாதா என்பது. இலங்கையின் 2006-ஆம் ஆண்டு 27-ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடுத்தது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத் தடுத்தது. இவை புதிதாகக் குடிக்க வருபவர்களைக் குறைக்க நல்லவை. வரியும் அப்படியே. ஆனால் ஏற்கெனவே அடிமைப்பட்டவரைச் சாராய விலை கசிப்புப் பக்கம்தான் தள்ளும், வைத்தியத்தின் பக்கம் தள்ளாது. மற்றது தொடக்கத்தில் சொன்ன பழைய வாசகம்: கூட்டிக் கொடுத்தால் குடிப்பார்கள். வைத்தியர்களின் கதை இதற்கு நேரடியான பதில். இழப்பதற்கு ஒன்று இருப்பவர், அந்த இழப்பு கண்முன்னே நிற்கும்போது, நிறுத்துகிறார். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அதே லயம், அதே கம்பனிக் காம்பரா என்றால், தெளிந்த மனிதருக்குத் தெளிவு என்ன கொடுத்தது? இருநூறு வருடமாக நிலமில்லாமல் வைத்திருந்துவிட்டு, இழக்க எதுவுமில்லாதவனைப் பார்த்துப் பொறுப்பில்லை என்பது நியாயமல்ல. காணி கொடுத்தால் உறுதியை அடகு வைத்துக் குடித்துவிடுவான் என்றால், அந்த உறுதியில் மனைவி பெயரையும் சேர்த்து எழுதவேண்டும். மனைவியின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கும் பழைய வழக்கம் மிஞ்சியிருக்கும் இடங்களில் அதை நிறுத்தவேண்டும். குடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கான சிகிச்சை இன்னும் மறைவான இடத்தில் கிடைக்கவேண்டும்.

ஆகவே தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் மூன்று கோரிக்கைகளையும் வைக்கவேண்டும்: மாவட்டத்துக்குள்ளேயே முதல் வாரத்து வைத்தியக் கண்காணிப்பு, தோட்டத்திலேயே பதினைந்து நாள் முகாம், முகாம் முடிந்தபின் ஐந்து வருடமாவது தொடரும் மாதச் சந்திப்பு. சிகிச்சைக்குப் போன நாட்களுக்குப் பேர் போடவும் கம்பனிகள் ஒப்புக்கொள்ளவேண்டும். வீட்டில் இன்று ஒருவர் குடித்துக்கொண்டிருந்தால் அவர் கையில் காசு வரும்வரையும் காத்திருக்கவேண்டாம், காசு தீரும்வரையும் காத்திருக்கவேண்டாம். அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில், வீட்டார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, வசவில்லாமல் உண்மையைச் சொல்லுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.